மதாம் ஒடெத்தின் ஊரை நான் மூழ்கடித்த நாள்

விண்ணப்பப் படிவத்தில் எழுதுகிற பொய், எழுதும்போது மிகச் சின்னதாகத்தான் இருக்கும். வேலை கிடைத்த பிறகுதான் அது சாப்பிட்டு வளரத் தொடங்கும். நான் எழுதியது ஒரேயொரு சொல். "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் கிடந்தது. வெறுமனே விடுவானேன் என்று "பிரெஞ்சு" என்பதையும் சேர்த்துவிட்டேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கனடாவுக்கு வரும் வழியில் பாரிசில் சித்தி வீட்டில் எட்டு மாதம் இருந்தவள் நான். அந்த எட்டு மாதமும் சித்தி வீட்டுக்கும் கீழே இருந்த தமிழ்க் கடைக்கும் இடையே நடந்ததுதான் நான் கண்ட பிரான்ஸ். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். (பிறகு எங்கயிருந்து பிரெஞ்சு வரும்?)

வேலை ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில். பிங்கோ நடத்துவது, பாட்டுப் போடுவது, பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுவது. முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். சேர்ந்த முதல் வாரமே என் பொய்க்குச் சோதனை வந்துவிட்டது. இரண்டாம் மாடியில் மதாம் ஒடெத் என்றொரு பிரெஞ்சுக்காரி இருந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி ரொறன்ரோவில் வாழ்ந்தவர்தான், ஆனால் வயது ஏற ஏற அவருடைய ஆங்கிலம் உதிர்ந்து போய்ப் பிரெஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய சக்கர நாற்காலிச் சத்தம் கேட்டாலே நான் அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் குனிந்துவிடுவேன். இரண்டு மாதம் அப்படிக் குனிந்தே ஓட்டினேன்.

ஒருநாள் என் மேலாளர் டெபோரா கூப்பிட்டார்.

"அடுத்த வியாழன் ஒடெத்துக்குத் தொண்ணூறு. மொன்றியலிலிருந்து மகன் வருகிறார். ஒடெத் பிறந்த மலைக்கிராமத்தைப் பற்றி நீ படம் காட்டிப் பேசு. நிலம், வரலாறு, பழைய கட்டடங்கள் எல்லாம். நீ பிரான்சில் இருந்தவள்தானே!"

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கட்டாயம்" என்ற சொல்தான் வெளியே வந்தது.

கிராமத்தின் பெயர் சான் அவெல். மதாமிடமே போய் நாலு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. ஆனால் கேட்பதற்குப் பிரெஞ்சு வேண்டும். ஆகவே இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, கணினியையே மொழிபெயர்க்க வைத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் கண் கலங்கியது. அல்ப்ஸ் மலையில் செங்குத்தான பள்ளத்தாக்கு, கற்பலகைக் கூரைகள், ஆட்டு மந்தைகள், பழைய தேவாலயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே அணை கட்டினார்கள். ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. வற்றிய காலத்தில் தேவாலயக் கோபுரத்தின் நுனி மட்டும் ஏரிக்கு மேலே தெரியுமாம்.

ஐயோ பாவம் மதாம் என்று நினைத்தேன். அதே மூச்சில், அன்று எல்லோரையும் அழ வைத்துவிட்டால் வேலை நிரந்தரம் என்றும் நினைத்தேன்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் என் கணவர் சிவாவிடம் கேட்டேன். "இஞ்சருங்கோ, நாளைக்கு மகன்காரன் பிரெஞ்சில கேள்வி கேட்டா என்ன செய்யிறது?"

"சிரியும். சிரிச்சுப்போட்டு கேக்கை வெட்டும். ஆரப்பா கிராமத்தைப் பற்றிக் கேக்கப் போகினம்?"

வியாழன் பிற்பகல் இரண்டு மணி. நாற்பது முதியவர்கள், தாதிகள், முன்வரிசையில் மதாம். பக்கத்தில் அவருடைய மகன் ஜாக், அறுபதைத் தாண்டிய மென்மையான மனிதர். மதாமுக்குப் பார்வை மங்கல், படங்கள் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஜாக் தாயின் காதில் பிரெஞ்சில் சொன்னார். ஜாக் சிறுவயதில் ஒரேயொரு முறைதான் அந்த ஊரைப் பார்த்தவராம்.

பனி மலை என்றேன். மதாம் தலையாட்டினார். கற்பலகைக் கூரை என்றேன். சிரித்தார். ஆடுகள் என்றபோது கையைக்கூடத் தட்டினார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஏரியின் படத்தைப் போட்டு, கண்ணாடி முன் பத்துத் தரம் ஒத்திகை பார்த்த வரியைக் குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

"இன்று சான் அவெல் முழுவதும் நீருக்கடியில் உறங்குகிறது."

ஜாக் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. நல்ல ஆழம்," என்றேன். (அந்த ஆழத்தை நான் சொல்லாமலாவது விட்டிருக்கலாம்.)

மதாம் மகனின் கையைப் பிடித்து உலுக்கினார். அவர் தயங்கித் தயங்கிக் காதில் ஏதோ சொன்னார். அடுத்த கணம் அந்த மண்டபமே அதிர, "மர்சலின்!" என்றொரு அலறல் எழுந்தது. மதாமின் கை நெஞ்சைப் பிடித்திருந்தது. முகம் மேசை விரிப்பைப்போல வெளுத்திருந்தது.

"மர்சலின் என் சின்னம்மா," என்றார் ஜாக். "அம்மாவின் தங்கை. அந்த ஊரில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினார்."

தாதி ஓடிவந்து மதாமின் நாடியைப் பிடித்தார். பிறந்தநாள் விழாவில் ஒரு கிழவியைக் கொன்றுவிட்டேன் என்றே முடிவு செய்தேன். பொலிஸ் வரும், என் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவரும், "பிரெஞ்சு" என்ற சொல்லைச் சிவப்பால் வட்டமிட்டுக் காட்டும்.

ஜாக் தொலைபேசியில் சின்னம்மாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. நாற்பது பேரும் மூச்சுவிடாமல் அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோலவே இருந்தது. நான் வாசித்தது பழைய கதை என்பதை மறந்து, புது அணை ஏதும் உடைந்திருக்குமோ என்றுகூட நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

நாலாவது முறை யாரோ எடுத்தார்கள். வயதான பெண் குரல், பயங்கரக் கோபம். மழைபோலப் பொழிந்த அந்தப் பிரெஞ்சில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. "ஓ... ஓ... ஓ!" பிரெஞ்சில் ஓ என்றால் தண்ணீர். எனக்குத் தெரிந்த பத்துச் சொற்களில் அதுவும் ஒன்று.

கடவுளே, உண்மையாகவே ஊர் தண்ணிக்குள்ள தாண்டு போச்சு என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அப்போது ஜாக் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார்: "ஊர் மூழ்கிவிட்டதா என்று கேட்டேன், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறார். மூன்று நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளப் போயிருந்தாராம்."

விஷயம் இதுதான். சான் அவெல் இரண்டு இருக்கின்றன. (எங்கட நாட்டில புதுக்குடியிருப்பு எண்டு எத்தனை ஊர் இருக்கு? அப்பிடித்தான்.) அல்ப்ஸில் இருந்தது மூழ்கியது. மதாமின் ஊர் பிரனீஸ் மலையில், ஸ்பெயின் எல்லையோரம், காய்ந்து கிடந்தது.

மதாம் என்னைக் கிட்ட வரும்படி விரலை ஆட்டினார். போனேன். நிதானமாக, நீளமாக ஏதோ கேட்டார். சிவாவின் ஆலோசனைப்படி சிரித்தேன். "வி, வி," என்று ஆம் போட்டேன்.

ஜாக் இருமினார். "எங்கள் ஊரைத் தண்ணீரில் அமுக்கியது நீதானா, உனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றுவிட்டீர்கள்."

டெபோராவின் அறையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். மதாம்தான் விடவில்லை. தினமும் அரை மணிநேரம் நான் அவர் முன்னால் உட்கார்ந்து சரியான சான் அவெலின் கதையைப் பிரெஞ்சிலேயே கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை. என் உச்சரிப்புக்கு மேசையில் அடி விழும். ஊரில் இரண்டே தெருக்கள். நடுவில் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு பாண் போறணை, ரொட்டி சுடும் அடுப்பு. மதாம் சிறுமியாக இருந்தபோது எல்லைக்கு அப்பால் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். பனிக்குள்ளால் மலையேறித் தப்பி வந்தவர்களுக்காக அந்தப் போறணை நாள் கணக்கில் அணையாமல் எரிந்ததாம். இதைச் சொன்ன அன்று அவர் மேசையில் அடிக்கவில்லை. நானும் அகதியாக வந்தவள் என்பதை என் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் திருத்தாமல் கேட்டார்.

அவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. நாங்கள் எங்கே பயணம் புறப்பட்டாலும், "அம்மா செக் பண்ணினவவோ? ஊர் தண்ணிக்கு மேல நிக்குதோ?" என்று சிவா மகளிடம் கேட்பார். போன கோடையில் ஏரிக்கரையில் விடுமுறைக்கு ஒரு கொட்டேஜ் வாடகைக்கு எடுத்தோம். என் மகள் அதன் சொந்தக்காரருக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டு, மரியாதையாகக் கேட்டாள்.

"ஹாய், ஜஸ்ட் வன் குவெஸ்சன். உங்கள் கொட்டேஜ் தண்ணீருக்கு மேலேதானே இருக்கிறது?"

மறுமுனையில் அந்த மனிதர் பயந்த குரலில் கேட்டார்:

"பேஸ்மென்டைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?"