ஈக்காரரின் சாட்சி பாட்டில்

ஈ செத்ததற்காக லீவு லெட்டர் எழுதிய அரசாங்க ஊழியர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளில் பெரியகுளத்தில் எங்கள் மண் பரிசோதனை ஆபீசில் இருந்தார். நான் அங்கே டைப்பிஸ்ட். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஈக்காரர்.

மண்ணில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. ஈக்காரர் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, வலைக்கூண்டில் ஈ வளர்த்தார். மண்ணை நெடியடிக்கும் ஒரு திரவத்தில் குலுக்கி, வடிகட்டி, அந்தச் சாற்றைப் பாட்டிலுக்குள் காயவிடுவார். உள்ளே இருபது ஈயை விட்டு வாயில் மல்துணி கட்டுவார். மறுநாள் செத்துக் கிடந்தால் மண்ணில் மருந்து. பக்கத்திலேயே மண்சாறு படாத ஒரு பாட்டிலிலும் இருபது ஈ. அதுதான் சாட்சி பாட்டில்; அதில் ஈ உயிரோடு இருந்தால்தான் சோதனை செல்லும். ஆபீஸ் பால்பவுடரெல்லாம் ஈக்குப் போக, எங்களுக்கு வரக்காப்பிதான்.

ஒருநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பேச்சியம்மா மண்ணோடு வந்தாள். திராட்சைத் தோட்டமாக இருந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து முள்ளங்கி போட்டிருந்தாள்.

"மருந்தடிச்ச மண்ணு, வெளைஞ்சதும் விஷம்னு சொல்றாக சார். ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாக. எம்பிள்ளைகளுக்குக் குடுக்கவே பயமாருக்கு. விஷம்னா சொல்லிருங்க, உழுது அழிச்சிர்றேன்."

ஈக்காரர் பாட்டில் வைத்தார். அன்று மாலையே மேலதிகாரி வருகிறார் என்று சேதி. ஈ மொய்த்தால் மானம் போகுமே என்று நான் பம்பை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் ஈமருந்து அடித்தேன். கெட்டிக்காரன்!

காலையில் பார்த்தால் மண்சாறு பாட்டிலில் இருபதும் காலி. "விஷந்தேன், அழிச்சிரு" என்று முடிவு கேட்க வந்த பேச்சியம்மாவிடம் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈக்காரர் வந்ததும் சாட்சி பாட்டிலைத்தான் பார்த்தார். அதிலும் இருபதும் காலி. கூண்டும் காலி.

"யோவ், சாட்சியுமில்ல செத்துக் கெடக்கு! இங்கன எவன்யா மருந்தடிச்சது?"

டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினேன். அவர் நேரே வெளியே போய், "அழிச்சிராதம்மா, நாளைக்கு வா" என்றார். 'ஈக்கள் இறந்தமையால் அரைநாள் விடுப்பு' என்று எழுதி நீட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் இன்னொரு கூண்டு இருந்தது. அதனால்தான் அவர் சம்சாரம் போடியில் அம்மா வீட்டில் இருந்தாள்.

கூண்டை மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் திரும்பினார். கண்டக்டர், "உள்ள எரநூறு பேரு இருப்பான் போலருக்கே, டிக்கெட்டு யாருண்ணே எடுக்குறது?" என்றாராம். வந்ததும் மருந்து வாடை இல்லாத வராந்தாவில் புதிதாக இரண்டு பாட்டில் வைத்தார்.

மறுநாள் இரண்டு பாட்டிலிலும் ஈக்கள் கும்மாளம் போட்டன. பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே கேட்டாள்: "அப்ப மொதல்ல வச்சது எப்பிடிச் சார் செத்துச்சு?"

நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"நாந்தேன்மா" என்றார் ஈக்காரர். "மருந்து தொட்ட கையக் கழுவாம பாட்டில எடுத்துட்டேன்."

"ஏன் சார், படிச்ச மனுசரு இம்புட்டு அசமந்தமாவா இருப்பீக? எங்குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும்ல!"

எனக்கு விழவேண்டிய திட்டு. அவ்வளவையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அவள் போகும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன்.