ஓப்பன்பண்ணாதே மாமா

சென்னை மாநகரத்தில் வைரஸ் எட்டிக்கூடப் பார்க்காத கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அபிராமபுரத்தில் என் எதிர்வீட்டில் இருக்கிறது. அதன் சொந்தக்காரரும் அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஃபிளாட்டில் அவருக்கு 'ஓப்பன்பண்ணாதே மாமா' என்றுதான் பெயர். யார் போனில் 'டிங்' என்று கேட்டாலும் அப்படித்தான் அலறுவார். மனைவி போனபிறகு தனிக்கட்டை. மெயில் வந்தால் தலைப்போடு நிறுத்திக்கொள்வார். ராகு காலத்தில் தலைப்பையும் படிக்கமாட்டார். ஒருமுறை பேங்க்கிலிருந்து மெயில் வந்ததென்று ஆட்டோ பிடித்து தி.நகர் போய், மேனேஜர் முன்னால் நின்றார்.

"நீங்கதான் அனுப்பினேளா?"

"ஆமா சார், தீபாவளி வாழ்த்து."

"அப்போ நேர்ல சொல்லுங்கோ."

பாவம் அந்த மேனேஜர், எழுந்து நின்று கைகூப்பி வாழ்த்தினாராம்.

சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வாயை ஒரு கல்யாணப் பத்திரிகை அடைத்தது. கீழ்வீட்டுக்காரர் நம்பரிலிருந்து ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்த ஃபைல் அது. மாமா ஒருவர்தான் யோசித்தார். "அவா ஆத்துல இருக்கறது நாலாங்கிளாஸ் படிக்கற பிள்ளை. யாருக்குய்யா கல்யாணம்?" என்று மாடி மாடியாக ஓடி எல்லார் காலிங்பெல்லையும் அழுத்தினார். அதற்குள் திறந்துவிட்டவர்களின் சேமிப்பை எவனோ ஒரு பாவி வழித்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் பிழைத்தது மாமாவால். நானும் அதில் ஒருவன்.

அந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது. புனேயில் இருக்கும் ஒரே தங்கை, தன் பெண் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைத் தாய்மாமனுக்கு மெயிலில் அனுப்பினாள். நேரில் வந்து அழைக்க அவள் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மாமா திறக்கவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் அவளைக் கூப்பிட்டார்.

"உன் பேர்ல எவனோ கல்யாணப் பத்திரிகை அனுப்பிண்டிருக்கான்டீ."

"நான்தாண்ணா அனுப்பினேன்."

"இப்பல்லாம் குரலைக்கூட கம்ப்யூட்டர்ல பண்ணிடறான். நீதான்னா சொல்லு, நம்ம அப்பா சைக்கிள் என்ன கலர்?"

"தாய்மாமனா வந்து நில்லுன்னு கூப்பிட்டா, சைக்கிள் கலர் கேக்கறியா?" என்று வைத்துவிட்டாள்.

"பாத்தியா? தெரியலை அவனுக்கு!" என்றார் மாமா, முகமெல்லாம் பெருமையாக.

எத்தனையோ சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் மெயில் தலைப்பிலேயே இருந்த தேதியையும் இடத்தையும் நம்பி, முகூர்த்தத்தன்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூர் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். வாசல் போர்டில் தங்கை பெண்ணின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே மாலை மாற்றல் நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் தூக்கவேண்டிய பெண்ணைத் தூக்கிப் பிடித்திருந்தது யாரோ ஒன்றுவிட்ட மாமன். தங்கை எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"நிஜமான்னு செக் பண்ண வந்தியா?"

அவ்வளவுதான் கேட்டாள். சாப்பிடாமல் திரும்பினோம்.

எனக்கு வயிறு எரிகிறது. பணம் போனவர்கள் புகாராவது கொடுத்தார்கள். ஒரு பைசாகூட இழக்காத இந்த மனுஷன் கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தாரே, அதை எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்கள்? நாசமாய்ப் போகட்டும் அந்த மோசடிப் பயல்கள். அந்தத் தங்கைக்கும் கொஞ்சம் மனசு இளகியிருக்கலாம்.

இப்போதெல்லாம் மாமா அலறுவதில்லை. லிஃப்டில் யார் போன் அடித்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓரத்து மஞ்சளை விரலால் தடவினார்.

"நிஜமா என்னைத்தான் கூப்பிடறியா?"

"அவ அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல மாமா. தாய்மாமனா நீங்கதான் வந்து நிக்கணும்."