சரும மேம்பாட்டுக் குழுவின் பேச்சு டெஸ்ட்

நெருப்பையும் சக்கரத்தையும் மனிதகுலம் ஒரு குழுகூட அமைக்காமல் கண்டுபிடித்துத் தொலைத்தது. அந்த அவமானத்தைத் துடைத்த பெருமை எங்கள் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புத் துறையின் கிளை அலுவலகத்தையே சேரும். முகத்தில் எதைப் பூசுவது என்று தீர்மானிக்க முறைப்படி 'சரும மேம்பாட்டுக் குழு' அமைத்தவர்கள் நாங்கள். அதன் உறுப்பினர் செயலர் அடியேன். உதவி மேலாளர் என்பது சம்பளத்துக்காக வைத்திருக்கும் இன்னொரு பதவி.

தலைமை அலுவலகத்தில் மண்டல அதிகாரியின் நாற்காலி காலியாகியிருந்தது. திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. எங்கள் மேலாளருக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர் அங்கே போய் உட்கார்ந்தால், இங்கே அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். ஆகவே அவர் முகத்தின்மீது எனக்கிருந்த அக்கறை முற்றிலும் 'தன்னலமற்றது'.

அறிவிப்பில் "துடிப்பும் இளமையும் மிக்க தலைமை தேவை" என்று போட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், எனக்கு வயசு தெரியுதா?"

"வயசா? உங்களுக்கா சார்?"

"மூஞ்சியப் பாத்து சொல்லுய்யா."

பார்த்தேன். சொல்லவில்லை. உடனே குழு அமைத்துவிட்டோம்.

மூன்றாவது உறுப்பினர் எங்கள் கணக்காளர் அக்கா. அவருடைய தங்கை அழகு சாதனக் கடை வைத்திருப்பதால் மதியத்துக்குள் முகச்சுருக்கம் போக்கும் பூச்சுகள் நான்கு குப்பிகளில் கூட்ட அறை மேசைக்கு வந்து சேர்ந்தன. ரெட்டினால், நியாசினமைடு, கிளைகாலிக் ஆசிட், வைட்டமின் சி. எல்லாமே 'ஆக்டிவ்' சரக்கு என்றார் அக்கா. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு களப் பொறியாளர் உள்ளே வந்தார். கையில் தொப்பி, முழங்கால் வரை சேறு. அந்த அம்மாவுக்கும் அதே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. தபாலில் ஏதோ தவறு என்று நாங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

"சார், சந்தைத் தெருவுல மெயின் லைன் உடைஞ்சு தெருவே குளமா நிக்குது. புது வால்வு எடுக்க ஒரு கையெழுத்து வேணும்."

"பாத்தா தெரியலயா? மீட்டிங்ல இருக்கோம்," என்றார் மேலாளர். இருந்தாலும் ஆளைக் கிளப்பினால் போதுமென்று கையெழுத்தைப் போட்டார்.

பொறியாளரின் கண் குப்பிகளில் விழுந்தது. "ஐயையோ, இதெல்லாத்தையும் ஒண்ணா போடப் போறீங்களா? தோல் வெந்துடும் சார். ஏதாவது ஒண்ண மட்டும் எடுத்து மெதுவா பழக்குங்க. வெளிய போனா சன்ஸ்கிரீனும் தொப்பியும் போதும். எதுவா இருந்தாலும் முதல்ல பேட்ச் டெஸ்ட் பண்ணிடுங்க."

அவர் ஓட்டமாகப் போய்விட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். "என்னய்யா பண்ணச் சொல்லிட்டுப் போகுது?"

"பேச்சு டெஸ்ட் பண்ணணுமாம் சார்."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. பேச்சா! அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? கையில் ஒரு சொட்டைத் தடவிவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் அவ்வளவு சுருக்கமான வேலைக்கு எங்கள் குழு உடன்பட்டிருக்காது.

முதலில் ரெட்டினாலைப் பேசினோம்.

"ரெட்டினால்... ரெண்டு நாள்! பேர்லயே இருக்கே சார்," என்றார் அக்கா. "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்."

தேர்ச்சி. அடுத்தது நியாசினமைடு.

"நியாயம்னு தொடங்குற மாதிரி இருக்கு," என்றேன்.

"அது நம்ம ஆபீஸுக்கு ஒத்துக்குமா?" அக்கா தயங்கினார்.

"வெளிப்பூச்சுதானே, பரவாயில்ல," என்றார் மேலாளர்.

வைட்டமின் சி-க்கு ஆட்சேபமே எழவில்லை. ஏ, பி இரண்டையும் தாண்டி முன்னேறிய வைட்டமின், பதவி உயர்வுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. கிளைகாலிக்கில்தான் சற்று இடறியது.

"கிளைன்னு நம்மள மாதிரியே இருக்கு. ஆனா பின்னாடி காலின்னு வருதே சார்?"

"நான் மேல போறேன்ல? கிளை காலிதானே! நல்ல சகுனம்மா."

இனி எதை முதலில் பூசுவது? ஒன்றை ஒதுக்கினால் இன்னொன்று வருத்தப்படுமோ என்று மேலாளர் அஞ்சினார். எவ்வளவு ஈரமான மனசு! "எல்லாத்தையும் கூட்டணியா போட்டுரு," என்று உத்தரவிட்டார். டீக் கோப்பையில் நான்கையும் கொட்டிக் கலக்கி, உறை ஒட்டும் கோந்து பிரஷைக் கழுவி எடுத்து, என் கையாலேயே பூசினேன்.

"எரியுதுய்யா!"

"ஆக்டிவ் சார். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ரொம்ப வேலை செய்யுதுய்யா! ஐயோ!"

"நம்ம ஆபீஸ்ல எதுவும் வேலை செஞ்சு பாத்து உங்களுக்குப் பழக்கமில்ல சார், அதான்."

அன்று மாலை மேலாளர் தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் மனைவியே, "அவர் இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலையே, நீங்க யாரு?" என்று கேட்டாராம். குழுவின் வெற்றிக்கு இதைவிட என்ன வேண்டும்?

திங்கட்கிழமை அந்த முகம் சிவந்து வீங்கி, பழைய சுவரில் பெயிண்ட் உரிவதுபோல் உரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் உயிர் போகும் எரிச்சல். என் வயிறும் எரிந்தது, என் நாற்காலி என்ன ஆவது? தேர்வு அறைக்கு வெளியே, பாதி திறந்திருந்த கதவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டேன்.

"என்ன சார், முகமெல்லாம் வெந்து போயிருக்கு?" என்று பதறினார் தேர்வுக் குழுத் தலைவர். "சந்தைத் தெரு உடைப்புல வெயில்ல நின்னு அடைச்சது நீங்கதானா?"

மேலாளரால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

"ஒரு வார்த்தை பெருமை பேசறாரா பாருங்க!" என்று மெச்சினார் இன்னொருவர். இளமை கேட்டவர்கள் தியாகத்தைக் கண்டு உருகிவிட்டார்கள்.

அடுத்து பொறியாளர் போனார். சனி, ஞாயிறு முழுக்க அந்தத் தெருவில் நின்று வால்வை மாற்றியவர் அவர்தான். ஆனால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் சதி செய்துவிட்டன. முகம் பளிச்சென்று இருந்தது.

"உடைப்ப நீங்க அடைச்சீங்களா? ஏம்மா, இது வெயில்ல நின்ன முகமா? ஏசி ரூம்ல உக்காந்த முகம்!" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எங்கள் பழைய மேலாளர் மண்டல அதிகாரி, நான் மேலாளர். பிரிவு உபசார விழாவில், "சந்தைத் தெரு உடைப்ப நான் அடைச்சப்போ..." என்று தொடங்கி அவர் வெகுநேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினோம், பொறியாளரைத் தவிர. மறுநாள் அவரை என் அறைக்கு அழைத்துக் கண்டித்தேன்.

"நீங்களும் எழுந்து ரெண்டு வார்த்தை பாராட்டியிருக்கலாமேம்மா?"

பொறியாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலையும் கலந்து பூசியும் அவருக்கு மேல்தோல்தான் சார் உரிஞ்சுது. அடியில இருக்குற தடிச்ச தோலுக்கு ஒண்ணுமே ஆகல. உங்களுக்கும் அதே தோல்தான். நீங்க பூசவேகூட இல்ல."

அவர் போனபின் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு சுருக்கம் இல்லை, சுருக்கென்றும் இல்லை.