லிங்கநகரில் பழுப்புச் சாபம்

மூன்றாவது சனிக்கிழமையும் லிங்கநகர் மைதானம் நிரம்பி வழிந்தது. குச்சவெளியிலிருந்து பஸ் பிடித்தே ஆட்கள் வந்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் சாபம் இறங்கிவிட்டதாம். அதைக் கண்ணால் காட்டி, கையோடு தீர்த்தமும் விற்றுக்கொண்டிருந்தார் ‘சலசித்தர்’ பிரகலாதன்.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் சித்தர் தம் மடியிலிருந்த போத்தலைத் திறந்து ஊற்றிய தீர்த்தம். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி, ஒரு சின்னப் பெட்டியின் சுவிச்சைத் தட்டுவார். இரண்டு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்புச் சேறாகும். தீர்த்தம் அப்படியே தெளிவாக இருக்கும்.

சாபத்தைப் பிடிக்க மின்சாரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசைக் கதிரையில் இருந்த இராசதுரை மாஸ்டர் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவரும் கன்னத்தில்தான் போட்டுக்கொண்டார்.

ஊர் குழாயைப் பூட்டிவிட்டுத் தீர்த்தம் குடித்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மத பேதமே இல்லை. சில நாட்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. சாபம் வெளியேறுகிறது, இன்னும் இரண்டு போத்தல் கொடுங்கள் என்றார் சித்தர். மாஸ்டரின் பேத்தி மேனுஜா ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டு கிடந்தாள்.

நகரத்தின் குடிநீரைச் சோதிப்பது சிவாஜினியின் வேலை. லிங்கநகர்க் குழாய்களில் கிருமி இல்லை, குளோரினும் அளவாக இருந்தது. பிறகு ஏன் இந்த வயிற்று வருத்தம்? பிள்ளைகள் படுத்திருந்த வீடுகளுக்குப் போய், என்ன குடிக்கிறீர்கள் என்று விசாரித்தாள். எல்லா வீட்டிலும் அதே போத்தலைக் காட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை அவளும் மைதானத்துக்கு வந்தாள்.

“ஐயா, மடியில இருக்கிற போத்தல் இருக்கட்டும். இவையளுக்கு வித்த போத்தல்ல ஒண்ட ஊத்திக் காட்டுங்கோ.”

வாங்கிய தீர்த்தத்தைச் சோதித்தால் பலன் போய்விடும் என்றார் சித்தர்.

“அப்ப எங்கட தண்ணிய மட்டும் சோதிக்கலாமோ?”

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் தீர்த்தம் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நின்ற உம்மு குல்சும், தன் போத்தலை நீட்டினாள். சித்தர் அதை வாங்க மறுத்தார். மாஸ்டர் எழும்பி வந்து, தாமே ஊற்றிச் சுவிச்சைத் தட்டினார்.

தீர்த்தம் குழாய்த் தண்ணீரைவிடக் கறுப்பாகக் கலங்கியது.

மாஸ்டர் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். அது அரித்துப் போயிருந்தது.

“கரண்டில கரையிறது கம்பி. உப்புள்ள எந்தத் தண்ணியிலயும் இப்பிடித்தான் வரும். நானே படிப்பிச்சனான்,” என்றார், தலையைக் குனிந்தபடி.

மடிப் போத்தலை வாங்கி முகர்ந்த ஆட்டோக்கார அப்ராஸ், லேபல் கிழித்திருந்த இடத்தைத் தடவினான். தன் ஆட்டோ பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் இதே போத்தலில்தான் வருகிறது என்றான். உப்பே இல்லாத தண்ணீர், அதுதான் கலங்கவில்லை. விற்ற தீர்த்தமோ, ஒரு பாழ்வீட்டில் மலக்குழிக்குப் பக்கத்தில் இருந்த கிணற்றில் அள்ளியது. சித்தர் தம் வாயாலேயே அதைச் சொன்னார், பொலிசில்.

மேனுஜா நாலாம் நாள் வீடு திரும்பி, முதல் வேலையாகச் சோறு கேட்டாள்.

அடுத்த கிழமை உம்மு குல்சும் வீட்டுக் குழாயில் சிவாஜினி தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் மாத்திரைக் குளிசையைப் போட்டாள். தண்ணீர் ரோஸ் நிறமானது. வாசலில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி பயபக்தியோடு கைகூப்பினாள்.

“கும்பிடாதேங்கோ அக்கா,” என்றாள் சிவாஜினி. “ஏன் நிறம் மாறுது எண்டு என்னட்டக் கேளுங்கோ.”