ஓரணாவுக்குப் போன ரகசியம்

கோயமுத்தூர் ஜில்லாவில் மூச்சுக் கவுண்டரைப் போல ரகசியம் காத்த மனிதர் முன்னும் இருந்ததில்லை, இனியும் இருக்கப் போவதில்லை. அப்பேர்ப்பட்டவரின் ஒரே பெரிய ரகசியத்தைச் சினிமாக் கொட்டகை வாசலில் ஓரணாவுக்கு விற்கவிட்டவன் நான். அந்த ஓரணாவில் எனக்குப் பங்கு கிடையாது. வீம்புக்காகச் செய்தேன். காசுக்காகச் செய்திருந்தால்கூட இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதையும் அவர் லேசில் யாரிடமும் சொல்லமாட்டார். எந்தப் பேச்சானாலும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "மூச்சு உடப்படாதுங்க" என்றுதான் முடிப்பார். அதனால் ஊரே அவருக்கு மூச்சுக் கவுண்டர் என்று பெயர் வைத்துவிட்டது. ஓட்டலில் சர்வரைப் பக்கத்தில் அழைத்து, காதோடு காதாக, "ரெண்டு இட்லி" என்பார். சர்வரும் என்னவோ ஏதோ என்று பயந்து இட்லியை மூடிக் கொண்டுவருவான். மழை வரும்போல் இருக்கிறது என்பதைக்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சொல்வார். ஒரு தடவை ரயிலடியில் மேட்டுப்பாளையம் என்று வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல், "மலைக்குக் கீழ ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்டதாகச் சொல்வார்கள்.

பேசும் படம் வந்த புதிது. பருத்தி மண்டி வைத்திருந்த கவுண்டருக்கும் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. மற்றவர்கள் எல்லாம் புராணம் எடுத்தார்கள். கவுண்டருக்கு அது பிடிக்கவில்லை. "வள்ளி முருகனைத்தான் கட்டப்போகுதுன்னு கொழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிஞ்ச கதைக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்றார். அவருக்கு வேண்டியது எத்தர்களின் கதை. பி.ஏ. தேறிவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை வசனம் எழுத வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வசனம் எழுதுகிறவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

படத்தின் பெயர் 'மோசடி மோகனன் அல்லது நம்பினோர் நாசம்'. அந்தக் காலத்துப் படங்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒன்று பிடிக்காதவர்கள் மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம். நான்கு எத்தர்கள் ஒரு போலி வைரத்தை ஒரு ஜமீன்தார் தலையில் கட்டுகிறார்கள். கிடைத்த பணத்தோடு முதல் எத்தன் மற்ற மூவரையும் ஏமாற்றிவிட்டு ஓடுகிறான். அவனை இரண்டாமவன் ஏமாற்றுகிறான். இப்படியே போகும். நடுவில் ஒரு நல்ல இன்ஸ்பெக்டர் பாட்டுப் பாடிக்கொண்டே துப்புத் துலக்குவார். கடைசியில் பார்த்தால் அந்த நல்ல இன்ஸ்பெக்டர்தான் எத்தர் கூட்டத்துக்கே தலைவன். அந்த இடத்தில் கொட்டகை முழுக்க 'ஆ' என்று வாயைப் பிளக்க வேண்டும். அந்த ஒரு 'ஆ'வைக் காதால் கேட்பதற்காகத்தான் கவுண்டர் படமே எடுத்தார். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

கையில் காசு குறைவு. ஊருக்கு வெளியே இருந்த ஸ்டுடியோவில் வேறொருவருடைய புராணப் படம் நடந்துகொண்டிருந்தது. அதன் கதாநாயகிக்குச் சளி பிடிக்கும் நாட்களில் எங்களுக்கு வாடகை மலிவு. அந்த அம்மாள் தும்மினால் எங்கள் கேமரா ஓடும். அந்தப் படத்துக் கைலாசத்தின்மேல் கோணிச் சாக்கைப் போர்த்தித் திருடர் குகை ஆக்கினோம். அப்படியும், பெட்டியை உடைக்கிறவனுக்குப் பின்னால் நந்தியின் கொம்பு ஒன்று எட்டிப்பார்த்தது. கவுண்டரிடம் சொன்னேன்.

"ஏனுங், திருடனுக்குப் பக்தி இருக்கப்படாதுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

டைரக்டரும் அவரேதான்; அவர் 'ஆரம்பிங்க' என்று சொல்வது கேமராக்காரருக்கே கேட்காது. கடைசியில் துண்டை உதறினால் ஆரம்பம், மடித்தால் முடிவு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் வியர்வை துடைக்கத் துண்டை எடுத்தவர் அறியாமல் உதறிவிட, ஒரு நடிகர் வெற்றிலை மெல்லும் காட்சி நீளமாகப் பதிவாகிவிட்டது. பிலிம் வீணாகக் கூடாதென்று அதையும் படத்தில் சேர்த்தார். திருடன் யோசிக்கிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

முடிவு எங்கள் இருவருக்குத்தான் தெரியும். நடிகர்களுக்கு அவரவர் பேச வேண்டியதைத் தவிர வேறொன்றும் தரப்படவில்லை. ஆகவே ஒவ்வொருவரும், தான் ஒருவன்தான் யோக்கியன், மற்றவர்கள் எல்லாம் திருடர்கள் என்று மனப்பூர்வமாக நம்பி நடித்தார்கள். இன்ஸ்பெக்டராக நடித்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர், நாடகங்களில் ராஜபார்ட் போட்டுப் பழகியவர். திருடன் வேஷம் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விடுவார். அதனால் கடைசிக் காட்சியன்று கவுண்டர் அவரிடம், "திருடனுக பூராப் பேரும் புடிபட்டுட்டாங்க. மனசாரச் சிரிங்க" என்று மட்டும் சொன்னார். ராஜபார்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை, திருட்டுப் பணம் நிறைந்த பெட்டியைக் காட்டும் பிலிம் துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார் கவுண்டர். நல்லவன் சிரித்த சிரிப்பு அப்படியே கொள்ளைக்காரன் சிரிப்பாகிவிட்டது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

படம் தயாரானதும் எனக்குப் போட்டுக் காட்டினார். பெயர்கள் வரும் இடத்தில், 'கதை, வசனம்: ரகசியம்' என்று இருந்தது. தாராபுரத்தில் இருந்த என் தகப்பனாருக்கு, என் பெயர் திரையில் வரும் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

"உங்க பேரைப் போட்டா, ஊருல இருக்கறவன் பூரா உங்களைப் புடிச்சு முடிவைக் கேட்டுப்போடுவானுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க வாத்தியார் தம்பி" என்றார்.

சரி என்று தலையை ஆட்டிவைத்தேன். அப்போதே சண்டை போட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

அந்நாளில் கொட்டகை வாசலில் ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். முக்கியமான கட்டம் வந்ததும், 'மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவது வழக்கம். அந்தச் சுருக்கத்தை எழுத வேண்டியவன் நான். எழுதினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், இன்ஸ்பெக்டர்தான் தலைவன் என்பது வரைக்கும் தெளிவாக எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். வெள்ளித் திரைக்கு மீதி ஒன்றும் வைக்கவில்லை.

அச்சடித்தவர் கோட்டைமேட்டில் அச்சாபீஸ் வைத்திருந்த ராவுத்தர். கவுண்டருக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதர். இருவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கவுண்டர் அவரிடமும், படிக்காமல் அச்சடித்துக் கொடு, அடித்ததும் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிடு என்று சொல்லியிருந்தார். படிக்காமல் எப்படி எழுத்துக் கோப்பது என்று ராவுத்தர் கேட்கவில்லை. ஆள் யாரையும் விடாமல் தாமே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, வாக்கியமாகப் பார்க்காமல் கோத்தார். சிநேகிதன் சொன்ன சொல்லுக்காக இப்படி ஒரு வேலை செய்தவரை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் ராஜபார்ட் தம் உற்றார் உறவினரைக் கோபியிலிருந்து பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய மைத்துனர் வாசலில் புத்தகத்தை வாங்கி உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு ராஜபார்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, இதுக்காகவா எங்களை இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?" என்றார். ராஜபார்ட் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். தாம் ஒரு திருடன் என்பது அவருக்கே அங்கேதான் தெரிந்தது.

உள்ளே அதைவிடக் கூத்து. இன்ஸ்பெக்டர் முதல் முதலாகத் திரையில் தலைகாட்டியதுமே தரை டிக்கெட்டிலிருந்து, "வந்துட்டான் பாரு" என்று குரல் எழுந்தது. அவர் நீதி நேர்மை என்று பாடப் பாட ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லப்போனால் படம் ஓடியது அதனால்தான். ஒலி அவ்வளவு மோசம். புத்தகம் இல்லாவிட்டால் யார் யாரை ஏமாற்றுகிறான் என்று ஒருவருக்கும் புரிந்திருக்காது. போட்ட காசு கவுண்டருக்குத் திரும்பி வந்துவிட்டது.

அவருடைய 'ஆ' மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, இன்றைக்காவது வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசிக் காட்சியில் சிரிப்புத்தான் வரும். எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போவார்.

நான் வழக்கம்போல் பாதியில் நிறுத்தித்தான் கொடுத்திருப்பேன், அச்சேறும்போது யாரோ முடிவைச் சேர்த்துவிட்டார்கள் என்பது அவர் எண்ணம்; கையெழுத்துப் பிரதிதான் அடுப்பில் போய்விட்டதே. பிறகு துரோகி யார் என்று கண்டுபிடிக்கத் துப்பு விசாரணை தொடங்கினார். விசாரிக்க நியமித்தது என்னை. "உங்களைத் தவுத்து நம்பறதுக்கு எனக்கு ஆளில்லீங்க" என்றார். நானும் கேமராக்காரரை விசாரித்தேன், ஒலிப்பதிவுக்காரரை விசாரித்தேன், ராஜபார்ட்டிடம் கோபிக்கே போய் விசாரித்துத் திட்டு வாங்கிவந்தேன். திருடனே இன்ஸ்பெக்டராக வரும் கதையை யோசித்து எடுத்த மனிதர், அதே கதை தம் மண்டியில் நடப்பதைக் கவனிக்கவில்லை. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

என் விசாரணையில் எல்லோரும் யோக்கியர்களாகத் தெரிந்ததால், மிச்சம் இருந்தவர் ராவுத்தர் ஒருவர்தான். கவுண்டர் நேரே போய்க் கேட்டுவிட்டார். "எழுத்தைத்தான் பாத்தேன் மச்சான், அர்த்தத்தைப் பாக்கலே" என்று ராவுத்தர் ஒரு தடவை சொன்னார். கவுண்டர் நம்பவில்லை. ராவுத்தர் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதன்பின் ஒருவர் தெருவில் வந்தால் மற்றவர் வேறு தெருவில் போனார்.

ஒரு வாரம் கழித்துக் கவுண்டர் என்னை மண்டிக்குக் கூப்பிட்டார். இனிமேல் தமக்கும் ராவுத்தருக்கும் ஒன்றுமில்லை என்று போய்ச் சொல்லிவிட்டு வரும்படி மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கை, பக்கத்தில் கிடந்த பருத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

"நான் போகலீங்க. அந்த முடிவை எழுதிக் குடுத்தது நானுங்க" என்றேன்.

"தெரியாம எழுதிப்போட்டீங்களா?"

"தெரிஞ்சேதானுங்க. பேரு போடலேங்கற கோவத்துல."

கவுண்டர் கையிலிருந்த பருத்தியைக் கீழே போட்டார். பிறகு, "வசனம் எழுதத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். என்னமா நடிச்சிருக்கீங்க கண்ணு" என்றார். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "நடங்க. மச்சாங்கிட்ட மொதல்ல நான் மன்னிப்புக் கேக்கோணும். அப்பறம் நீங்க கேளுங்க."

அச்சாபீசில் நான் சொன்னதையெல்லாம் ராவுத்தர் கேட்டுக்கொண்டார். பிரதி முழுக்க என் கையெழுத்துத்தான் என்பது தமக்கு அப்போதே தெரியும் என்றும், தம்மைச் சந்தேகப்பட்ட பிறகு எதற்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு கவுண்டரைப் பார்த்து, "நிக்கறயே, உக்காரு" என்றார். கவுண்டர் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

ஆனால் கவுண்டருக்கு நான் பட்ட கடன் தீரவில்லை. அவருக்கு ஒரு 'ஆ' வாங்கித் தர வேண்டும். பாட்டுப் புத்தகம் போய்ச் சேராத ஊராகத் தேடினேன். ஆனைமலையில் மாசாணியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். கொட்டகைக்காரரைக் கெஞ்சிப் படத்தைப் போட ஏற்பாடு செய்தேன். புத்தகம் ஒன்றுகூட வராதபடி நானே பார்த்துக்கொண்டேன். கவுண்டரை அழைத்துப் போய்த் தரையில், ஜனங்களுக்கு நடுவில், மணலில் உட்காரவைத்தேன்.

ஒற்றை மிஷின் கொட்டகை. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை; எல்லோரும் இன்ஸ்பெக்டரை நம்பினார்கள். கவுண்டருக்குப் பக்கத்தில் நோம்பிக்கு வந்திருந்த ஒரு அம்மாள், மடியில் தூங்கும் குழந்தையோடு, ஒவ்வொரு விளக்குக்கும் அவரிடம் இன்ஸ்பெக்டருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். கடைசிச் சுருளுக்கு முன்னால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவமுங்க. ஒண்டி ஆளு, எத்தனை திருடனுக நடுவுல மாட்டிக்கிட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகாம அந்த ஆத்தாதான் காப்பாத்தோணும்" என்றாள்.

கவுண்டர் நெளிந்தார். பொரி கடலைப் பொட்டலத்தை எடுத்தார், வைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்தார்.

"அவனுக்காக வேண்டாதீங்க அம்மணி. அவந்தானுங்க தலைவன்."

அவள் அப்படியா என்று கன்னத்தில் கை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் தன் புருஷனிடம் சொன்னாள். சேதி மணல் முழுக்கப் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

"என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? இதுக்காகத்தானுங்களே இத்தனை தூரம் வந்தது" என்றேன்.

"அந்தப் புள்ள ஏமாறுதே தம்பி" என்றார் கவுண்டர். "பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறதுங்க?"

விளக்கு அணைந்து கடைசிச் சுருள் ஓடத் தொடங்கியது. கவுண்டர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். இப்பேர்ப்பட்ட மனிதரையா ஏமாற்றினோம் என்று நினைத்துக்கொண்டே நான் கடலையை மென்றேன். இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.