சக்கர நாற்காலிக்கு மேலே ஓர் உச்சி

"கடைச் சாவியைக் கொடுக்காதீங்க..."

"கொடுத்தே தீருவேன்! வானத்தோட உச்சிக்கு நேர் கீழ, ஆயுசுக்கும்..."

"அந்தக் கடையில பாதித் துணி நான் தைச்சதுங்க!"

"...ஆயுசுக்கும் உட்கார இடம் தர்றாரு சாமி! நீ காஜா எடுக்கறதையே பேசிக்கிட்டிரு!"

தையல்காரரும் அவர் மனைவியும் இப்படிச் சண்டை போட்டபடியே வரிசையில் நகர்ந்தார்கள். கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. விமானம் இறங்காத இடத்தில் அருள் இறங்கிவிட்டதாம். வக்கீல் வந்திருந்தார், பல் டாக்டர் வந்திருந்தார், படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

நடுவில் ஒரு சுண்ணாம்பு வட்டம். அதற்குள் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. பக்கத்தில் கையில் தட்டோடு உச்சியார். வானத்துக்கு ஒரே ஓர் உச்சிதான், அது இந்த வட்டத்துக்கு நேர் மேலேதான் என்று கண்டுபிடித்த மகான். வானம் என்ன இவர் வீட்டுக் கூரையா, இந்த இடத்தில்தான் கொக்கி என்று காட்ட? யாரும் கேட்கவில்லை.

பல் டாக்டரின் முறை வந்தது. துண்டால் கண்ணைக் கட்டினார்கள். மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நாற்காலியைச் சாய்த்துக் கண்கட்டை அவிழ்த்தார்கள்.

"உச்சி எங்கே தெரியுது?"

"தலைக்கு நேர் மேல, சாமி!"

"நிமிர்ந்து சுத்திப் பாரு. வானம் தரையைத் தொடுற அடிவானம், எல்லாப் பக்கமும் ஒரே தூரமா?"

"ஒரே தூரம், சாமி! வட்டமா இருக்கு!"

"அப்போ நடுவில யாரு?"

"நான்தான், சாமி!"

தினமும் நோயாளிகளைச் சாய்த்து மேலே பார்க்க வைக்கிற மனிதர், தான் சாய்ந்ததும் தேம்பித் தேம்பி அழுதார்.

அடுத்தது தையல்காரர். சாவி தட்டில் விழுந்தது. கண்ணைக் கட்டினார்கள்.

"சாமி, என் புருஷனை நானே சுத்தட்டுமா?" என்றாள் மனைவி.

சண்டைக்காரி வழிக்கு வந்துவிட்டாளே என்று உச்சியாருக்கு உச்சி குளிர்ந்தது. "தாராளமா சுத்தும்மா!"

மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு ஒரே தள்ளு. வழவழவென்ற ஓடுதளத்தில் நாற்காலி பறந்தது; பின்னாலேயே அவள்.

"மிதக்கிறேன்! சாமி, மிதக்கிறேன்!" என்று கூவினார் தையல்காரர்.

"ஏம்மா! நில்லும்மா!" அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் உச்சியார். வட்டத்தை விட்டாலும் தட்டை விடவில்லை. கூட்டமும் பின்னால் ஓடியது.

ஓடுதளத்தின் கோடியில் சாக்கடை. அதன் ஓரத்தில் நிறுத்தி, நாற்காலியைச் சாய்த்து, கண்கட்டை அவிழ்த்தாள்.

"உச்சி எங்கேங்க?"

"நேர் மேல! அடடா, என்ன பிரகாசம்!"

"அடிவானம்?"

"சுத்திலும் ஒரே தூரம்! நடுவில நா..." மூக்குக்குத்தான் முதலில் ஞானம் வந்தது. "என்னடி இது, சாக்கடை?"

"உச்சி... நாற்காலியோட... கூடவே வரும்!" மூச்சிரைத்தார் உச்சியார்.

"அப்படியா? ஏங்க, எழுந்து நில்லுங்க. இப்ப பாருங்க."

அண்ணாந்து பார்த்தார். "இப்பவும் நேர் மேலதான்." நாலடி நடந்தார். "இங்கேயும்..." குரல் இறங்கிவிட்டது.

வக்கீல் நின்ற இடத்திலேயே மேலே பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். ஆளுக்கு ஓர் உச்சி! ஓடுதளம் முழுக்க வானத்தின் மையங்கள் கழுத்து வலிக்க நின்றன.

"நிக்கிறவங்க தலைக்கு நேர் மேல இருக்கறதுதான் உச்சி. அவங்க கண்ணு எட்டுற எல்லைதான் அடிவானம். நடந்தா ரெண்டும் கூடவே வரும்" என்று சொல்லி, அவள் உச்சியாரின் தட்டிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எல்லாரும் அண்ணாந்திருந்த நேரம் பார்த்து உச்சியார் அடிவானத்தை நோக்கி ஓட்டம் பிடித்தார். பாவம், அது அவருக்கும் விலகி விலகிப் போயிற்று.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பவ்வியமாக வந்து நின்றார். "அம்மா, அப்போ நாங்க இனிமே எங்கே போய் உட்காரணும்?"

"உச்சி உங்க தலைக்கு மேலயே சும்மா கிடக்கு, டாக்டர். அதுக்கு நேர் கீழ ஒரு மூளை இருக்கே, அதையும் எத்தனை நாளைக்குச் சும்மாவே போட்டு வைப்பீங்க?"