தலைமுடி அயன் பண்ணிய விபரம்

அன்புள்ள தங்கச்சி கனகேஸ்வரிக்கு,

வெள்ளவத்தையிலிருந்து அண்ணன் நாகேந்திரம் எழுதிக்கொள்வது. கடல்காற்றும் கரண்ட் பில்லும் குறைவின்றிக் கிடைக்க நாங்கள் நலம். ஸ்காபரோவில் உங்களுக்குப் பனி அளவோடு பெய்ய முருகனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் கதைப்பாய், ஆகவே கடிதம்.

நீ அனுப்பிய ஸ்ட்ரெய்ட்னர் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் படத்தில் பார்த்த நேரான முடியை நேரிலும் பார்க்க வேண்டும் என்றாய். எங்கள் சிவானியின் சுருட்டை முடியைப் படத்தில் நேராக்கி அனுப்பியவள் நீ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை உமாசுதனும் தாயார் சுபோதினியும் வர ஏற்பாடு. சிவானிக்குப் பின்பக்கம் கை எட்டவில்லை. உன் மச்சாளோ குசினியில் கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தா. வேலை செய்த காலத்தில் கந்தோருக்குப் போட்ட சேட்டுகளை ஒரு நாளும் பிறர் கையில் அயன் பண்ணக் கொடுக்காதவன் நான். பொறுப்பை ஏற்றேன். அயன் வைக்க முன் தண்ணீர் தெளிப்பது முறை, தெளித்தேன். கொலரில், அதாவது பிடரியில், தொடங்கினேன். சர்ரென்று சத்தம், ஆவி, பிறகு கருகல் மணம்.

"அப்பா, என்ன செய்யிறியள்? இது என்ர தலை, உங்கட சேட் இல்லை."

"அசையாதை பிள்ளை, மடிப்பு விழுந்திடும்."

விழுந்தது. காதிலிருந்து காது வரை, கத்தி போன்ற மடிப்பு. மற்றப்படி நேர்தான்.

கடல்காற்றுப் பட்டால் திரும்பச் சுருளும் என்று அவள் அழுதாள். பிள்ளையின் வாழ்க்கை அல்லவா, யன்னல்களை எல்லாம் பூட்டினேன். முடி கலையக்கூடாதென்று காற்றாடியையும் நிற்பாட்டினேன். வந்தவர்களிடம் கரண்ட் இல்லை என்றேன். எதிரே டீவி ஓடிக்கொண்டிருந்தது. குசினி ஆவி வெளியே போக வழியின்றிக் கொழுக்கட்டையோடு நாங்களும் அவிந்தோம். சிவானியின் நெற்றியோரம் முதல் சுருள் எழும்பியது. எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடித் திறந்தால், சுபோதினி அம்மாவின் தோளில் நாகரிகமாகத் தொங்கிய முடியும் காதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நீயும் வீட்டிலயே முடியை இழுத்தனியோ?"

"ஓம் அன்ரி. பின்பக்கம் அப்பா."

"எனக்கு இவன்ர தகப்பன்" என்று சொல்லி, அவ தானே எழும்பி யன்னலைத் திறந்தா. இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். போகும்போது, "எனக்கு இந்தப் பிள்ளை போதும்" என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்ப்படம் அனுப்பிய உன்னையும் மன்னித்துவிட்டேன். தையில் கலியாணம், டிக்கெட் போடு.

மச்சானின் முழங்கால் நோவு குறையவும், பிள்ளைகள் தமிழில் பதில் சொல்லவும் ஆசீர்வதிக்கும்,
அண்ணன் நாகேந்திரம்.

பி.கு: கடிதத்தை ஒட்டப்போன நேரம் சிவானி வந்து, மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாள். வந்ததிலிருந்து போகும்வரை போனில் தன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். திரும்ப எழுதப் பொறுமை இல்லை. மேலே கலியாணம் என்று வரும் இடத்தை விட்டு வாசிக்கவும். தாயாருக்கு எந்த முகத்தோடு சொல்வேன் என்று கேட்டேன். அன்றைக்கே போனில் சொல்லிவிட்டாளாம். அடுத்த சனி அந்தத் தாயாரும் இவளும் நுகேகொடைக்கு உடுப்பு வாங்கப் போகிறார்களாம். அவ சொன்னது இவ்வளவுதானாம்: "பரவாயில்லைப் பிள்ளை, அவனோட இருக்க எனக்கே கஷ்டம்."